கஞ் மங் முக்

விருத்தாசலத்தில் என் காதுக்கு ஒரு மரியாதை உண்டு. முகத்துக்கு உண்டா என்று கேட்காதீர்கள். செராமிக் யூனிட்டில் தரம் பிரிக்கும் பகுதியில் பன்னிரண்டு வருஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் நான். சூளையிலிருந்து வந்த கோப்பையை இடது கையில் தூக்கிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலில் மோதிரம் மாதிரி மாட்டியிருக்கும் பித்தளை வாஷரால் ஒரு தட்டு தட்டுவேன். ‘ணங்’ என்றால் கூடைக்குப் போகும். ‘டொக்’ என்றால் சுத்தியலுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடக் காதுக்குத் தப்பாது.

சுத்தியல் எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் தள்ளுபடிச் சாமானை வைத்திருக்கக் கூடாது. அப்போதே உடைத்து டிரம்மில் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை யாரோ தள்ளுபடிக் கோப்பைகளை எடுத்துப்போய் ஸ்ரீமுஷ்ணம் திருவிழாக் கடையில் எங்கள் பேரைச் சொல்லி விற்றுவிட்டார்கள். சுடுதண்ணீர் ஊற்றியதும் கோப்பை இரண்டாகப் போனவர்கள் யூனிட் வாசலில் வந்து நின்று திட்டினார்கள். அன்றிலிருந்து ஃபோர்மேன் கலியமூர்த்தி அண்ணன் ஒரே மந்திரம்தான் சொல்வார்: “சந்தேகமா இருந்தா ஒட. ஒடச்சிட்டா சந்தேகம் இருக்காது பாரு.”

தொண்ணூறுகளின் நடுவில் சென்னை வியாபாரி ஒருவர் வியட்நாமிலிருந்து டீக் கோப்பைகள் தருவித்தார். துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்தால் பாதிக்கு மேல் விரிசல். கப்பலில் உடைந்தது என்றார்கள் அவர்கள். சூளையிலேயே விரிசல் விட்டது என்றார் இவர். அடுத்த தடவை பெட்டி கட்டுவதற்கு முன்னால் அங்கேயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் யூனிட்டுக்கு வந்தார். கலியமூர்த்தி அண்ணன் யோசிக்கவே இல்லை. “நம்ம செல்விய அனுப்புங்க. அது காது பாம்புக் காது” என்றார்.

வீட்டில் என் மாமியார் மோவாயில் கை வைத்தார். “தட்டிப் பாக்கறதுக்கு ஏரோப்பிளேனா? சந்தையில தேங்காய தட்டிப் பாத்து வாங்கறவள எவனாச்சும் ஏரோப்பிளேன்ல ஏத்தியிருக்கானா?” என் வீட்டுக்காரருக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை. அரவை நேரம் என்பதால் லீவு கிடைக்கவில்லை. ஜங்ஷன் வரைக்கும் வந்து ரயிலேற்றிவிட்டார். ஊரில் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள் என்பார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “காத பாத்துக்க” என்றார்.

அவர் வாய் முகூர்த்தம், விமானம் இறங்கும்போதே இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

ஹனோயில் முதல் நாள் முழுக்க நான் செவிடு. வண்டிகள் ஓடுகின்றன, சத்தம் இல்லை. ஹோட்டல் பெண் வாயசைக்கிறாள், ஒன்றும் விழவில்லை. என்கூட மொழிபெயர்ப்புக்கு வந்தவர் புதுச்சேரிக்காரர், அந்துவான் என்று பெயர். சைகோனில் பிறந்து வளர்ந்து, வயசான காலத்தில் புதுச்சேரியில் பென்ஷன் வாங்குகிறவர். அவரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கில் முசே என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். “மூக்க புடிச்சிக்கினு ஊதும்மா” என்று கையால் காட்டினார். ஊதினேன். கொட்டாவி விட்டேன். கொண்டு போயிருந்த எலுமிச்சங்காய் ஊறுகாயைச் சப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. கண் தெரியாமல் போயிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஊருக்குத் திரும்பி, காது கேட்காததால் வந்துவிட்டேன் என்று சொன்னால் மாமியார் சிரிக்கிற சிரிப்பு மட்டும் அந்த அடைப்பையும் மீறிக் கேட்டது.

இரண்டாம் நாள் பீங்கான் ஊருக்குப் பஸ் ஏறினோம். பாட் சாங் என்று பெயர், ஹனோயை விட்டுக் கொஞ்ச தூரத்தில், சிவப்பாற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றங்கரை மேட்டின் மேலேயே ரோடு. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுக் கரைமேல் போகிற மாதிரிதான், ஆனால் இங்கே மாவு சலித்த மாதிரி ஒரு தூறல், நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை. ரோடு முழுக்கச் சேறு. பஸ்ஸின் பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது. நான் சீட்டிலிருந்து எழும்பி, தலை கூரையில் இடித்து, உட்கார்ந்தேன். வலது காதில் ‘பட்’ என்று ஏதோ திறந்தது. மூச்சு விடுவதற்குள் இடதும் திறந்தது.

எனக்குக் கேட்ட முதல் சத்தம், சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு போன ஒரு பெண்ணின் கூவல். “என்ன விக்கறாங்க?” என்று முசேயிடம் கேட்டேன். “ரொட்டி சூடா இருக்குது, ரொட்டி சூடா இருக்குதுன்னு போறாங்க” என்றார். அந்தச் சூடான ரொட்டி எனக்குத் தேவாரம் மாதிரி இருந்தது. இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருடனும் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளினேன். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். நான் சிரித்துக்கொண்டே தள்ளினேன்.

பாட் சாங் தெருவுக்குள் நுழைந்ததும் இன்னொரு சிரிப்பு வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் வரிசை வரிசையாக வறட்டி! கிட்டே போய்ப் பார்த்தால் சாணி இல்லை, நிலக்கரித் தூளைச் சேற்றில் குழைத்து வட்டமாகத் தட்டி ஒட்டியிருக்கிறார்கள். சூளைக்கு அதுதான் எரிபொருள். காய்ந்ததும் சுவரிலிருந்து பெயர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்திருந்தது. உலகத்தில் எங்கே போனாலும் பெண்கள் எதையாவது சுவரில் தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று முசேயிடம் சொன்னேன்.

கோப்பை செய்கிறவர் பெயர் லாம். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லி, பேச்சும் ஒல்லி. அவர் மனைவி ஹோவா அதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுகிறவர். முற்றத்தில் சூளை, அதை ஒட்டி வீடு, கோப்பைகளுக்கு நடுவே புகுந்துதான் நடக்க வேண்டும். லாம் என் வாஷரைப் பார்த்தார், என் சேறு பூசிய புடவையைப் பார்த்தார். முசேயிடம் ஏதோ சொன்னார். முசே தயங்கித் தயங்கிச் சொன்னார்: “காதால பாப்பாங்களாமே, இவங்க கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாரு.”

“கண்ணு நல்லாத்தான் இருக்குது. கண்ணால பாத்து அனுப்புனதுதான போன தடவ மெட்ராஸ்ல வெடிச்சிக் கெடந்துதுன்னு சொல்லுங்க முசே” என்றேன். முசே அதில் எவ்வளவு சொன்னாரோ, லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியச் சாப்பாட்டில் தூரத்து விருந்தாளிக்கென்று ஒரு சூப்பு வைத்தார்கள். அந்த ஊரில் விசேஷத்துக்கு மட்டும் செய்வது. காய்ந்த கணவாயையும் மூங்கில் குருத்தையும் நூல் நூலாகக் கிழித்துப் போட்டு, கோழியும் இறாலும் வேகவைத்த சாற்றில் கொதிக்கவிட்டது. கருவாட்டு வாசனை தெரிந்த மூக்குக்கு அது அந்நியமே இல்லை. ஆனால் என்ன ருசி! கடலும் காடும் ஒரே கிண்ணத்தில் சமாதானமாக இருந்தன. ஒரு வாய் குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் வாஷர் விரலால் கிண்ணத்தை ஒரு தட்டு தட்டினேன்.

ஹோவா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோர் கையும் நின்றுவிட்டது. “சாப்புடும்போது கிண்ணத்த தட்டக்கூடாதும்மா. பசியா இருக்கிற ஆவிங்கள்லாம் கூப்புடறாங்கன்னு வந்துடுமாம்” என்றார் முசே. எங்கள் ஊரில் காலித் தட்டைத் தட்டினால் தரித்திரம் என்று அம்மா அடித்தது ஞாபகம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அது எல்லா ஊருக்கும் புரிகிற பாஷையாக இருந்ததால் அவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

நான் சமாதானத்துக்காக அந்தச் சூப்பின் பெயரைக் கேட்டேன். “கஞ் மங் முக்” என்றார் ஹோவா. தமிழில் எழுதினால் அவ்வளவுதான் வரும். அது பாதிகூட இல்லை. நான் திருப்பிச் சொன்னதும் ஹோவாவின் மகள் சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நான் உதட்டைக் குவித்துச் சொன்னதில் ‘அழுகிப்போன மூங்கில் குருத்து’ என்று வந்துவிட்டதாம். உங்கள் சூப்பு பிரமாதம் என்று சொல்ல நினைத்தவள் அழுகல் என்று சொல்லியிருக்கிறேன். முசே திருத்தப் போனார். அவருக்குக் கிடைத்த சிரிப்பு எனக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. அவர் பேசுவது சைகோன் பக்கத்து இழுவை. நாம் ‘வந்தானுவ’ என்றால் மெட்ராஸ் பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பார்களே, அதே கதை. “அறுபது வருஷமா பேசுற பாஷ, நேத்து பொறந்ததுங்க சிரிக்குதுங்க” என்று முசே சூப்பில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கோப்பை தட்டினேன். முற்றத்தில் எனக்கு ஒரு பாய், எதிரே கூடை, பக்கத்தில் சுத்தியலும் ஒரு டிரம்மும். முதல் ‘டொக்’ வந்தபோது லாம் அந்தக் கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நான் வாங்கி உடைத்தேன். உடைந்த இடத்தில், அடிப்பக்கம், மயிரிழை மாதிரி பழைய விரிசல் மங்கலாக ஓடியது. அவர்கள் ஊரில் தள்ளுபடியை உடைப்பதில்லை. செடி வைப்பார்கள், சுவரில் பதிப்பார்கள். ஒவ்வொரு தடவை நான் சுத்தியலை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் பத்தாவது கோப்பைக்குப் பிறகு வெளிச்சத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது. விருத்தாசலம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதன் காது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

இடைவேளையில் ஹோவா என்னை விடவில்லை. சூப்பின் பெயரைச் சொல்லாமல் ஊருக்குப் போக முடியாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வார்த்தையும் நேராகப் போக வேண்டும், ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நான் நல்ல கோப்பை ஒன்றைத் தட்டிக் காட்டினேன். ‘ணங்’ என்று நீளமாக நேராகப் போயிற்று. “அதேதான், அதேதான்!” என்று ஹோவா கைதட்டினார். மூன்றாவது வார்த்தை கீழே விழுந்து, தொண்டைக்குள்ளேயே கழுத்தை நெரித்த மாதிரி நின்றுவிடும். நான் உடைக்க வைத்திருந்த தள்ளுபடிக் கோப்பை ஒன்றைத் தட்டினேன். ‘டொக்.’ ஹோவா எழுந்து நின்றுவிட்டார். ஆக மூன்றாவது வார்த்தை தள்ளுபடி!

உதட்டுக்கு வழி சொன்னவர் முசே. “பஸ்ஸுன்னு சொல்லும்மா. கடைசியில ஒதடு குவியுதா? இல்லல்ல? அந்த ‘உ’தான் இது.” அடடா, நாள் முழுக்க பஸ்ஸு, ஸ்கூலு, டவுனு என்று சொல்கிற எனக்கு இதுவா வராது? மூன்று வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண், “என்ன, உங்க வீட்டுல இன்னைக்கு விருந்தா?” என்று கேட்டாளாம். அந்த மொழிபெயர்ப்பை முசேயை மூன்று தடவை சொல்லச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் என் தலையில் இடி விழுந்தது. அதை நானே கூப்பிட்டுப் போட்டுக்கொண்டேன்.

அன்று காலையில் முசே சென்னைக்குப் போன் பேச ஹனோய் போயிருந்தார். லாமும் ஹோவாவும் சூளைப் பக்கம் இருந்தார்கள். நான் பாய்க்கு வந்தபோது அதன் ஓரத்தில் ஆறு பூச்சாடிகள் இருந்தன. முழ உயரம், சாம்பல் கலந்த வெள்ளை. கையில் எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. மேலிருந்து கீழ் வரைக்கும் கிளேஸ், அதாவது மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சு, முழுக்க வெடிப்பு. கோடையில் ஏரி காய்ந்து கிடக்குமே, அப்படி. எங்கள் யூனிட்டில் இப்படி ஒரு சூளை வந்தால் கலியமூர்த்தி அண்ணன் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். தட்டினேன். ‘டொக்.’ அடுத்தது, ‘டொக்.’ ஆறும் ‘டொக்’. பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் சாடியை டிரம் விளிம்பில் வைத்து ஒரே போடு போட்டேன்.

இரண்டாவதை எடுத்தபோது ஹோவா அலறிக்கொண்டு ஓடிவந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். லாம் பின்னாலேயே வந்தார். குனிந்து, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டை முனையில் போட்டுக்கொண்டார். ஒரு பொடித் துண்டைக்கூட விடவில்லை. அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சுத்தியலோடு நின்றேனே, அந்த நிற்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என்னிடம் இருந்த அவர்கள் பாஷை ஒரு சூப்பின் பெயர். அதை வைத்துக்கொண்டு என்ன மன்னிப்புக் கேட்பது?

மதியம் முசே வந்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. அந்த வெடிப்பு தானாக வந்தது இல்லை, வரவழைப்பது. அந்த ஊரின் பெருமையே அதுதான். நாளை மறுநாள் லாமின் அப்பாவுக்குத் திதி. சாமி மேடையில் வைக்க ஒரு ஜோடிச் சாடிக்காக ஆறு செய்திருந்தார். வெடிப்பு ஒரே மாதிரி விழுந்த இரண்டைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நல்ல வெளிச்சம் என்று என் பாயோரம் வைத்திருக்கிறார். நான் உடைத்ததுதான் அவர் மனசுக்குள் தேர்ந்தெடுத்ததில் ஒன்று.

“எங்க ஊருல கிளேஸ் வெடிச்சா தள்ளுபடி, தள்ளுபடின்னா ஒடச்சிடணும். எனக்குத் தெரிஞ்சது அதுதாங்க” என்று முசே வழியாகச் சொன்னேன். லாம் பதில் சொன்னார். முசே அதைச் சொல்லப் பிடிக்காமல் சொன்னார்: “மிச்ச கோப்பைங்கள தட்ட வேணாமாம்மா. நல்லதும் கெட்டதும் தெரியாத காத நம்பி என் சாமான குடுக்க முடியாதுன்றாரு.”

வேறு என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரம் அவர்மேல் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் சுத்தியலை எடுத்த என் கைமேல்.

சாயங்காலம் ஹோவாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் திதிக்காகக் கணவாய் கிழிக்க உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் உட்கார்ந்தேன். ஹோவா என்னைப் பார்த்தார், பிறகு ஒரு கணவாயை என் பக்கம் தள்ளினார். நெருப்பில் வாட்டி, தட்டி, நூலாகப் பிரிக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்ந்த கைக்கு அது கஷ்டமில்லை. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால் சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒரு வார்த்தை விழுந்து எழுகிறது. ஒன்று நடுவில் நடுங்குகிறது. ஒன்று மெதுவாகச் சரிந்து முடிகிறது. ஒன்று வெட்டுப்படுகிறது. கடைசி இரண்டுமே தாழ்ந்த குரல்தான், ஆனால் சரிந்து முடிவது வேறு, வெட்டுப்படுவது வேறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷமாக நான் எப்படித் தொடங்குகிறது என்றுதான் கேட்டிருக்கிறேன். ‘ண’ என்றால் நல்லது, ‘டொ’ என்றால் கெட்டது. எப்படி முடிகிறது என்று கேட்டதே இல்லை.

ஆறாம் நாள் காலையில் முசேயை இழுத்துக்கொண்டு லாமிடம் போனேன். “மிச்சம் அஞ்சு சாடிய ஒரு தடவ தட்டிப் பாக்கறேன். வெடிப்புக்கு உள்ள நெசமான விரிசல் இருந்தா சொல்றேன். அதுக்கப்பறம் தண்ணி ஊத்திப் பாத்துக்குங்க. தப்பா சொன்னா இன்னிக்கே பொட்டி கட்டிடறேன்.” சாமி மேடைச் சாடியில் தண்ணீர் கசியக் கூடாது, வீட்டு அதிர்ஷ்டம் ஒழுகிவிடும் என்பார்களாம். லாம் சாடிகள் பக்கம் கையைக் காட்டினார். சுத்தியலை மட்டும் ஹோவா எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வைக்கட்டும், நியாயம்தானே.

ஐந்தையும் தட்டினேன். ஐந்தும் மந்தம்தான். மறுபடி தட்டினேன், கண்ணை மூடிக்கொண்டேன். முதலாவது மந்தமாகத் தொடங்கி, நேராகப் போய், தானாக ஓய்ந்தது. மங். இரண்டாவது, மங். மூன்றாவது தொடங்கியதும் யாரோ கழுத்தைப் பிடித்தார்கள். முக். நான்காவது, மங். ஐந்தாவதை ஏழெட்டு இடத்தில் தட்டினேன். வாயருகே மங், இடுப்பில் மங், அடிப்பக்கம் வந்ததும் முக். மூன்றையும் ஐந்தையும் தனியாக நகர்த்தி வைத்தேன். முசேக்காகக் காத்திராமல், நல்லதைக் காட்டி “மங்” என்றேன், மற்றதைக் காட்டி “முக்” என்றேன். ஹோவா வாயைப் பொத்திக்கொண்டார். லாமின் உதடு லேசாகக் கோணியது.

ஐந்திலும் தண்ணீர் ஊற்றி, காய்ந்த சாம்பல் பரப்பிய பலகைமேல் வைத்தார் லாம். நான் கிணற்றடிக்குப் போனேன், வந்தேன், மூங்கில் குருத்து அரிந்தேன், மறுபடி வந்தேன். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி அல்லாடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் லாம் சாடிகளைத் தூக்கினார். முதலாவது, இரண்டாவது, நான்காவது சாடிகளின் கீழே சாம்பல் பொலபொலவென்று கிடந்தது. மூன்றாவதன் கீழ் சாம்பல் கறுத்து, காசளவு ஈரம். ஐந்தாவதன் கீழ் ஈரமே இல்லை.

முசே என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். லாம் ஐந்தாவது சாடியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். விரலால் அடிப்பாகத்தை மெல்லத் தடவினார். விரலை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்த விரலை என் கையில் வைத்துத் தேய்த்தார். ஜில்லென்று இருந்தது. சொட்டுவதற்கு நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வெளியே வந்துகொண்டிருந்தது.

லாம் வீட்டுக்குள் போய் ஹோவா ஒளித்துவைத்த சுத்தியலோடு வந்தார். அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அந்த ஊரில் மரியாதைக்குரியவர்களுக்கு மட்டும்தான் இரண்டு கையால் கொடுப்பார்கள். முசே சொன்னார்: “உங்க ஊரு வழக்கப்படி நீங்களே ஒடைங்கன்றாரு. மீதி கோப்பையும் நீங்கதான் தட்டணுமாம்.” மூன்றாவது சாடியை உடைத்தேன். ஐந்தாவதையும் உடைத்தேன். இரண்டிலும் உடைந்த இடத்தில் ஈர விரிசல் கருங்கோடாக ஓடியது. லாம் துண்டுகளை எடுத்து, கூடியிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் காட்டினார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

ஏழாம் நாள் திதி. சாமி மேடையில் ஒரு ஜோடிச் சாடி, நிறையத் தண்ணீர், நிறையப் பூ. நான் உடைத்த முதல் சாடியின் துண்டுகளை லாம் எறியவில்லை, மேடையின் கீழே ஒரு தட்டில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டேன். அந்தக் குனிவும் வேண்டியதுதான். பந்தியில் உட்காரும் முன் வாஷரைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஹோவா அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். வெளியூரிலிருந்து வந்த லாமின் சித்தப்பா, புடவை கட்டிய என்னை வேடிக்கை பார்த்துவிட்டு, சூப்பைக் காட்டி இது என்ன என்று தெரியுமா என்று கேட்டாராம். முசே வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். இரண்டு வார்த்தை நேராக, மூன்றாவது தொண்டையில் வெட்டுப்பட்டு. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு லாமிடம் கேட்டது இதுதான்: “இந்தப் பெண் எந்தத் தெரு?”

ஊருக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “காது இருக்குதா?” இருக்கிறது என்றேன். முன்னைவிட நன்றாக.

கோப்பைகள் சென்னைத் துறைமுகத்தில் ஒன்றில்கூட விரிசல் இல்லாமல் இறங்கின. அடுத்த தடவை வியாபாரி வந்தபோது, விருத்தாசலத்து அம்மா தட்டாமல் பெட்டி மூட மாட்டேன் என்று லாம் சொல்லியனுப்பியதைச் சொன்னார். கூடவே வைக்கோல் சுற்றிய ஒரு பொட்டலமும் கொடுத்தார். தரம் பிரிக்கும் பகுதியிலேயே எல்லோரும் பார்க்கப் பிரித்தேன். முழ உயரம், சாம்பல் வெள்ளை, வாயிலிருந்து அடி வரைக்கும் வெடிப்பு. சாமி மேடைக்குப் போன ஜோடி போக மிச்சமிருந்த அந்த நல்ல சாடி.

கலியமூர்த்தி அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட கெரகமே, கிளேஸ் பூரா வெடிச்சிப் போனத அனுப்பியிருக்கானுவளே! கப்பல்ல ஆயிருக்கும்” என்றபடி, பாவம், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவரே சுத்தியலை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஹோவா என் கையைப் பிடித்த அதே பிடி. வாஷரைக் கழற்றி அவர் விரலில் மாட்டினேன்.

“தட்டுங்கண்ணே.”

தட்டினார். “மந்தமா இருக்குதே செல்வி.”

“ஆரம்பத்த வுடுங்க. முடியறத கேளுங்க.”

மறுபடி தட்டினார். இந்தத் தடவை தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, அது ஓயும் வரைக்கும் கேட்டார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார்.